மூன்று பெட்டிகளும் இரண்டு காதுகளும்

சென்ற மாதம் பேரவைத் தம்பி ஒருவர் புலனத்தில் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணே, இந்த வருஷம் கலை இரவுக்கு நாங்க பேண்டு போடுறோம். என்கிட்ட ஆறாயிரம் ரிங்கிட் இருக்கு. நல்ல வால்வு ஆம்ப் ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ்... இதுல எது சத்தம் நல்லா இருக்கும்?"

அந்த ஆறாயிரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. 2008ஆம் ஆண்டில் என் கைக்கு அதே அளவு பணம் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். பாதி பி.டி.பி.டி.என். கடன், மீதி அம்மாவின் சேமிப்பு.

"விரிவாக எழுதுகிறேன், தம்பி" என்று பதில் போட்டேன். அடுத்த வாரமே ஆண்டிதழ்க் குழுவினர் கட்டுரை கேட்டு அழைத்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று உட்கார்ந்துவிட்டேன். தம்பியின் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு ஆண்டுகளும் இடது காதின் ஒரு பகுதியும் செலவாயின. அதனால்தான் இது சற்று நீண்ட பதில்.

கிட்டார் வாசிக்காத நண்பர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். மின்கிட்டார் தனியாக எழுப்பும் ஓசை பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. கம்பியின் அதிர்வை அதன் காந்தச் சுருள் மிகச் சிறிய மின்குறிப்பாக மாற்றுகிறது. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிதான் ஆம்ப். இன்று நம் கைப்பேசியிலிருந்து கோயில் ஒலிபெருக்கி வரை பெருக்கும் வேலையைச் செய்வது டிரான்சிஸ்டரும் சில்லுகளும். அது 1947இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது வால்வு. 1904இல் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முதல் வால்வை உருவாக்கினார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வால்வு ஒலியைப் பெருக்கத் தொடங்கியது அந்த வலையால்தான்.

அதன் வேலை முறை எளிமையானது. கண்ணாடிக் குப்பிக்குள் காற்று கிடையாது. நடுவில் உள்ள முனை சூடேறிச் செந்நிறமாக ஒளிரும்போது எலெக்ட்ரான்கள் அதிலிருந்து கிளம்பி, சில நூறு வோல்ட் ஏற்றப்பட்ட தகட்டை நோக்கி ஓடுகின்றன. இடையில் நிற்கும் வலை ஒரு தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி. திருகைச் சிறிது அசைத்தால் பெரிய நீரோட்டம் கூடிக் குறைவதைப் போல, கிட்டாரின் சிறு குறிப்பு அந்தப் பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைக்கிறது. ஓர் அளவுக்கு மேல் முடுக்கினால் வால்வு திணறும். திணறும்போது ஒலியின் முனைகள் சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மழுங்கும். அந்த மழுங்கலைத்தான் கிட்டார்க்காரர்கள் 'இதமான கரகரப்பு' என்று கொண்டாடுகிறார்கள். உலகமே கைவிட்ட ஒரு தொழில்நுட்பத்தை எங்கள் கூட்டம் மட்டும் இன்னும் விடாமல் பிடித்திருப்பதற்கு இந்தத் திணறலே காரணம்!

இன்று வால்வுகளைப் பெரிய அளவில் செய்யும் தொழிற்சாலைகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உள்ளன. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதிக்குத் தடை என்ற செய்தி வந்தது. அப்போது எங்கோ நடக்கும் போருக்காகக் கோலாலம்பூர் கிட்டார்க்காரர்களும் கவலைப்பட்டோம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2008இல் நான் மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். பேரவையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தோம். ராஜா பாடல்களின் கிட்டார் முன்னிசையை அப்படியே கொண்டுவர வேண்டும் என்பது என் கனவு. என்னிடம் இருந்ததோ தேநீர்த் தட்டு அளவில் ஒரு மலிவு ஆம்ப்தான். பெட்டாலிங் ஜெயாவில் பழைய கிட்டார்களையும் ஆம்ப்களையும் வாங்கி விற்கும் ஒரு சீன அங்கிள் இருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று பெட்டிகள் வரிசையாக நின்றன. மூன்று சனிக்கிழமைகள் அவற்றின் முன்னால் தவம் கிடந்தேன்.

முதல் பெட்டி ஃபெண்டர் டுவின் ரிவெர்ப். 1960களின் வடிவமைப்பை வைத்து மறுபடியும் செய்தது. 85 வாட், இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள். இதன் ஒலி தூய்மையானது. எவ்வளவு திருகினாலும் எளிதில் கரகரக்காது. நடு ஒலி சற்றுப் பள்ளமாகவும் மேல் ஒலி கண்ணாடியைப் போலத் தெளிவாகவும் இருக்கும்.

இரண்டாவது மார்ஷல் ஜேடிஎம்45. அதன் மூலப் பெட்டி 1962இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில், டிரம்ஸ் ஆசிரியரான ஜிம் மார்ஷலின் கடையில் உருவானது. அமெரிக்காவிலிருந்து ஃபெண்டர் ஆம்ப்களை இறக்குமதி செய்வது செலவு பிடித்த காரியமாக இருந்ததால், ஃபெண்டர் பாஸ்மேன் என்ற ஆம்பின் சுற்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றி, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைக் கொண்டு செய்தார்கள். ஃபெண்டர் கட்சி, மார்ஷல் கட்சி என்று நாம் சண்டை போட்டுக்கொள்கிறோம். பிறப்பில் இருவரும் நெருங்கிய சொந்தக்காரர்கள்! ஆனாலும் மார்ஷலின் நடு ஒலி தடிப்பாக, உறுமலோடு வரும்.

மூன்றாவது வாக்ஸ் ஏசி30. 1959இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, பிறகு பீட்டில்ஸ் குழுவினரோடு உலகம் சுற்றிய பெட்டி. அங்கிளிடம் இருந்தது 1990களில் செய்யப்பட்டது. ஒலியை வெளியே தள்ளும் கடைசிக் கட்டத்தில் ஈஎல்84 என்ற ஒல்லியான வால்வுகள் நான்கு இதில் இருக்கும். இதன் புகழே மேல் ஒலிதான். கம்பியை மீட்டினால் மணி அடித்தாற்போல ஒரு கிணுகிணுப்பு எழும்.

அங்கிள் நல்ல மனிதர். வால்வு ஆம்ப் குறைந்த ஒலியில் தூங்கும், முடுக்கினால்தான் விழிக்கும் என்றார். அவர் சொன்னது உண்மையே. நான் ஒவ்வொன்றையும் முடுக்கி எழுப்பினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி நேரம், ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று. மூன்றாம் சனிக்கிழமை முடிவு செய்தேன்: ஏசி30தான் சிறந்தது. மற்ற இரண்டிலும் ஒலி இருந்தது; இதில் உயிர் இருந்தது. அன்றைக்கு என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதி வைத்தேன்.

"ஏசி30 வாங்கப் போறேன்மா" என்று தொலைபேசியில் சொன்னபோது, விடுதி அறைக்குக் குளிர்சாதனப் பெட்டி மாட்டப் போகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டார். "வெயில் அவ்வளவு அதிகமாய்யா அங்க?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை அனுப்பிவைத்தார். அவருடைய எண்ணத்தை நான் திருத்தவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் எனக்கு உண்டு.

அந்தப் பருவம் முழுவதும் மதிய உணவு மெகி மீதான். ஆனால் கலை இரவு வெற்றி. அரங்கமே எழுந்து கைதட்டியது. அன்று இரவு விடுதியில் படுத்தபோது இடது காதில் 'ஙொய்...' என்று ஒரு ஓசை கேட்டது. காலையில் இல்லை. அடுத்த ஒத்திகைக்குப் பிறகு மீண்டும் வந்தது; இரண்டு நாள் இருந்தது. கைதட்டலின் மிச்சம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பருவ விடுமுறைக்கு நண்பனின் வேனில் ஆம்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அப்பா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். செம்பனை ஆலையில், கொதிகலனும் விசையாழியும் இரைந்துகொண்டிருக்கும் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தவர். ஆலைக்குப் போவதற்கு முன்பு, இளம் வயதில், தோட்டத்து வீடுகளின் பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்துக் கொடுத்தவர். இது எனக்குச் செவிவழிச் செய்தியாகத்தான் தெரியும். அப்பா அதைப்பற்றி அதிகம் பேசியதில்லை.

ஆம்பின் பின்பக்கத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நான் மின்னியல் மாணவன் என்ற தோரணையில் விளக்கத் தொடங்கினேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது ஈஎல்84 தானே? நம்ம பிலிப்ஸ் ரேடியோவுல இருந்த அதே வால்வு. அதுல ஒன்னு, இதுல நாலு. அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "தம்பி, பிளக்கப் பிடுங்கிட்டோம்னு கைய உள்ள விட்டுறாத. கெப்பாசிட்டர் கரண்ட புடிச்சி வச்சிருக்கும். எப்பவும் ஒரு கை பாக்கெட்டுக்குள்ள இருக்கணும்."

இரண்டு கைகளும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைப்பது வால்வுக் காலத்துத் தொழில்நுட்பர்களின் பால பாடம். என் விரிவுரையில் நான் கேட்டிராத பாடம் அது. பின்னாளில் ஃபெண்டர் நிறுவனத்தின் வரலாற்றைப் படித்தபோது, லியோ ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் என்றும், 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தவர் என்றும் அறிந்தேன். அப்பாவின் டார்ச் வெளிச்சம்தான் உடனே நினைவுக்கு வந்தது.

அன்று மாலை அப்பாவுக்காக வாசித்துக் காட்டினேன். "கேளுங்கப்பா, மேல மணி மாதிரி ஒரு சத்தம் வருது பாருங்க, இதுக்குத்தான் இவ்வளவு காசு" என்றேன். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்சம் முன்னால் வந்து கேட்டார். பிறகு உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மணிச் சத்தம்னு சொன்னியே, அது எங்க?"

ஸ்பீக்கரில் கோளாறு என்று நினைத்துப் பெட்டியைத்தான் முதலில் சோதித்தேன். அப்பாவின் காதைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. தொலைக்காட்சியை அலற விடுவதும், அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதும் அப்பாவின் சுபாவம் என்றே எங்கள் வீட்டில் முடிவு கட்டியிருந்தோம்.

மூன்றாம் ஆண்டில் எனக்கு ஏசி30 மீது சந்தேகம் வந்தது. விடுதியில் சன்னமாக வாசிக்கும்போது அந்த 'உயிர்' காணாமல் போய்விடும். மின்னியல் துறையில் முதுகலை செய்துகொண்டிருந்த சீனியர் அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "நீ மூனு ஆம்ப ஒப்பிடல தம்பி. மூனு வால்யூம ஒப்பிட்டிருக்க."

எனக்குக் கோபம். நிரூபிக்கச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கிளின் அனுமதியோடு, அவர் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினோம். ஒரு பக்கம் மூன்று பெட்டிகள். மறுபக்கம் நாற்காலியில் நான். ஒலியளவு மீட்டர் ஒன்றை அண்ணன் இரவல் வாங்கி வந்திருந்தார். எங்கள் பேண்டின் இன்னொரு கிட்டார்க்காரன் ஒரே முன்னிசையை மீண்டும் மீண்டும் வாசித்தான். ஒவ்வொரு முறையும் எந்தப் பெட்டி என்று நான் எழுத வேண்டும். இருபது முறை.

முதல் சுற்றில் அவரவர் ஸ்பீக்கர், ஆனால் மூன்றின் ஒலியளவும் மீட்டர் பார்த்துச் சமப்படுத்தப்பட்டது. இருபதில் பதினாறு சரியாகச் சொன்னேன். மார்தட்டிக்கொண்டேன்.

இரண்டாம் சுற்றில் மூன்றையும் தனித்தனியாக ஒரே ஸ்பீக்கர் பெட்டிக்கு இணைத்தார். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை இயக்கினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகக்கூடும். அதனால் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, மின்தடைப் பொருத்தம் பார்த்து மாற்றினார். கரகரப்பு இல்லாத தூய ஒலியில், பாஸ், ட்ரெபிள் திருகுகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்து வாசித்தபோது, இருபதில் எட்டுதான் சரி. மூன்றில் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலே ஏழு வந்திருக்கும்! முதல் சுற்றில் நான் அடையாளம் கண்டது பெரும்பாலும் ஸ்பீக்கரையும் அதன் மரப்பெட்டியையும்தான் என்பது அப்போது விளங்கியது.

மூன்றாம் சுற்றில் மூன்றையும் கரகரக்கும் வரை முடுக்கினோம். வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டது; பதினைந்து சரி. ஆக, வால்வு ஆம்ப்களின் குணம் பொய்யன்று. அவை திணறும் விதத்தில்தான் அந்தக் குணம் இருக்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன். நானே கிட்டாரைக் கையில் எடுத்தபோது ஏசி30ஐ உடனே கண்டுகொண்டேன். அதன் மின்வழங்கியிலும் ஒரு வால்வு உண்டு. ஓங்கி மீட்டும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீள்கிறது. ஒலியும் அமுங்கி எழுகிறது. வாசிப்பவனின் விரலுக்கு அது ஊஞ்சல் மாதிரி தெரியும். கேட்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

கடைசியாக அண்ணன் ஒரு சோதனை வைத்தார். "ஏ, பி ரெண்டு ஆம்ப். எது நல்லா இருக்குன்னு மட்டும் எழுது." பலமுறை கேட்டு, ஆழ்ந்து யோசித்து எழுதினேன்: 'ஏ தட்டையாக இருக்கிறது. பியில் உயிர் இருக்கிறது.'

அண்ணன் போர்வையை விலக்கினார். இரண்டும் ஒரே ஆம்ப். பியை மட்டும் இரண்டு டெசிபல் கூட்டி வைத்திருந்தார்.

நான் வாயடைத்துப் போனேன். அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணன் அதற்குக் காரணமும் சொன்னார். மனிதக் காது நேர்மையான தராசு அன்று. ஒலி குறைவாக இருக்கும்போது அடி ஒலியும் உச்ச ஒலியும் நமக்கு மங்கலாகக் கேட்கும். ஒலி கூடக் கூட அவை நிரம்பி வரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே பெட்டி, சற்று உரக்க ஒலித்தால் செழுமையாகத் தோன்றுகிறது. கூடுதல் சத்தம் என்று நம் மூளை சொல்வதில்லை. கூடுதல் தரம் என்று சொல்கிறது. அங்கிள் வீட்டில் நான் கண்ட உயிரில் எத்தனை டெசிபல் கலந்திருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

அத்தோடு அண்ணன் மீட்டரை என் காதுப் பக்கம் பிடித்து, "வழக்கமா வாசிக்கிற அளவுக்குத் திருப்பு" என்றார். முள் 103ஐத் தொட்டது. அவர் ஒரு தாளில் கணக்கு எழுதினார். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 97இல் அரை மணி, 100இல் பதினைந்து நிமிடம். 103இல் ஏழரை நிமிடம்.

நான் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். மூன்று வாரம். அதற்குப் பிறகு ஒத்திகைகள்!

அப்போதாவது திருந்தினேனா என்றால், இல்லை. இளமைத் திமிர். 2012இல், வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், காதின் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கவே செவிப் பரிசோதனைக்குப் போனேன். தனியாகப் போகச் சற்றுப் பயம். துணைக்கு அப்பாவையும் அழைத்துப்போய், வந்ததுதான் வந்தோம் என்று அவருக்கும் சோதிக்கச் சொன்னேன்.

செவியியல் வல்லுநர் இரண்டு வரைபடங்களை மேசை மீது அருகருகே வைத்தார். இடமிருந்து வலமாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை. அப்பாவின் கோடு சமமாகப் போய், நாலாயிரம் ஹெர்ட்ஸ் அருகில் கிணற்றில் விழுந்தாற்போல விழுந்திருந்தது. என் இடது காதின் கோட்டிலும் அதே இடத்தில் ஒரு பள்ளம். ஆழம் குறைவு, வடிவம் ஒன்றே. பேரிரைச்சலால் கெடும் காது பெரும்பாலும் முதலில் அந்த இடத்தில்தான் கெடும் என்றார் அவர். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

அப்பாவின் பள்ளத்தை ஆலை தோண்டியது. அந்தக் காலத்தில் காதுக் கவசம் போடுவதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வேலை பார்த்த ஆண்டுகளில் பெரும்பாலும் நம் நாட்டில் நடைமுறையில் இருந்த 1989ஆம் ஆண்டு விதிமுறைகளில் எட்டு மணி நேர உச்ச வரம்பே 90 டெசிபல். 2019இன் புதிய விதிமுறைகளில்தான் அது 85 ஆனது. அப்பா குடும்பத்துக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு காதைக் கொடுத்தார். நானோ, கடன் வாங்கிப் பணம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் அந்த மேசையின் முன்னால்தான் எனக்கு உறைத்தது. ஏசி30இன் மணி ஒலி, நான் ஆறாயிரம் கொடுத்து வாங்கிய அந்தக் கிணுகிணுப்பு, ஏறக்குறைய அந்தப் பள்ளம் இருக்கும் பகுதியில்தான் வசிக்கிறது. அப்பாவுக்கு அது ஏன் கேட்கவில்லை என்பதற்கான விடை நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு தாளில் கிடைத்தது. எந்த ஒலிக்காக ஆம்பை வாங்கினேனோ, அந்த ஒலியைக் கேட்கும் சக்தியை அந்த ஆம்பாலேயே நான் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருந்தேன்.

மறு ஆண்டு அப்பாவுக்குச் செவித்துணைக் கருவி வாங்கினோம். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் ஆம்ப்தானே தம்பி? வால்வு எங்க வச்சிருக்கான்?" என்று சிரித்தார். முதல் வாரம் தட்டு, கரண்டிச் சத்தம் தாங்க முடியவில்லை என்று கழற்றி வைத்தார். பிறகு பழகிக்கொண்டார். ஒரு நாள் மாலை ஏசி30ஐப் போட்டு, திருகை இரண்டில் வைத்து, பழைய முன்னிசையை வாசித்தேன். அப்பா கொஞ்ச நேரம் கேட்டார்.

"ரொம்ப கூரா இருக்கு. கொஞ்சம் கொறை" என்றார்.

குறைத்தேன். இத்தனை ஆண்டுகளில் அப்பா ஒரு சத்தத்தைக் குறைக்கச் சொன்னது அதுவே முதல் முறை.

ஆகவே, அன்புத் தம்பிக்கு என் பதில் இதுதான். ஃபெண்டரா, மார்ஷலா, வாக்ஸா என்றால் மூன்றும் நல்லவை. உலகில் இவற்றைவிட விலை உயர்ந்தவையும் உண்டு. 2022இல் மறைந்த அலெக்சாண்டர் டம்பிள் என்ற அமெரிக்கர் தம் கையால் செய்த ஆம்ப்கள் லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை போகின்றன. தம் சுற்று வெளியில் தெரியாதிருக்கச் சிலவற்றின் உள்பாகங்களைப் பசை ஊற்றி மூடியிருக்கிறார். அந்தப் பசைக்கு அடியில் என்ன மாயம் இருக்கிறது என்று உலகமே ஆராய்கிறது. ஆராயட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவரவர் ஆம்ப் அவரவருக்கு உசத்திதான்.

நீங்கள் கடைக்குப் போகும்போது ஒலியளவைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். கைப்பேசிச் செயலிகூடப் போதும். அது துல்லியமாக இல்லாவிட்டாலும் மூன்றையும் ஒரே அளவில் வைக்க உதவும். நண்பனை வாசிக்கச் சொல்லி, பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு நீங்களே வாசித்துப் பாருங்கள். ஒலியைப் பற்றிக் காதும் விரலும் ஒரே தீர்ப்பைச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்பீக்கர் என்ன என்று முதலில் கேளுங்கள். வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்: 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வெறும் மூன்று டெசிபல்தான் வேறுபாடு, காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். சிறிய வால்வு ஆம்ப் சீக்கிரமே திணறும். கிட்டார்க்காரனுக்கு வேண்டியதும் அதுதானே? வால்வுகளின் குணத்தைக் கணினி மூலம் நடிக்கும் கருவிகளும் இன்று நன்றாகவே நடிக்கின்றன. அதையும் போர்வைக்கு அந்தப்பக்கம் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த ஆறாயிரத்திலிருந்து ஒரு சிறு தொகையை எடுத்து, இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் காதடைப்பான் ஒன்று வாங்குங்கள். பஞ்சு போதாது. உங்கள் டிரம்ஸ் நண்பருக்கும், தைப்பூசத்தில் விடிய விடிய உருமி அடிக்கும் உங்கள் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள். வால்வு கெட்டால் ஜாலான் பாசாரில் விசாரித்தாவது வேறொன்று தேடிப் பிடித்துவிடலாம். காதுக்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

கடன் பணம் என்றால், வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டே வாங்குங்கள். அது குளிர்சாதனப் பெட்டி அன்று என்பதை நான் அம்மாவிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு பருவ விடுமுறை தேவைப்பட்டது.

கலை இரவுக்கு நானும் வருகிறேன், தம்பி. அப்பாவையும் அழைத்து வருகிறேன். நாங்கள் இருவரும் மேடையிலிருந்து சற்றுத் தள்ளி, பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம்.